தலைசுற்றலுக்கு எத்தனை மார்க்

மார்ச் 3

லிஃப்ட்காரருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் நலமில்லை என்பதை யாரோ ஒரு பெண் போன் போட்டு எனக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இன்று காலை கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு போன் வந்தது. "அம்மா, தலைசுத்தல் கிளினிக்லேருந்து நர்ஸ் பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு? படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது சுத்துதா?" என்றாள். ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அறுபத்தொன்பது வயது, லிஃப்ட் மெக்கானிக், இடது காது மந்தம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வாயை மூடிக்கொண்டேன். மனைவியோடு வசிப்பதாக நீங்களே சொன்னீர்களாம். எனக்குத் தெரியாமல் இன்னொரு மனைவி இருந்தால் அவள் நம்பரைக் கொடுத்திருக்கலாமே, என் நம்பரை ஏன் கொடுத்தீர்கள்?

"அவர் வேலைக்குப் போயிருக்கார்மா, அப்புறம் சொல்றேன்" என்று சமாளித்து வைத்தேன். பொய் சொல்லவில்லை, நீங்கள் எப்போதும் வேலைக்குத்தானே போயிருப்பீர்கள். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்து அடித்திருக்கிறேன். இப்போது உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குப் போன் போட்டால் "ஆங்? ஆங்?" என்பீர்கள், நான் கத்த வேண்டும், கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நம் குடும்பக் கதையைக் கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நம்ம பெண் வாலு ஆபீஸ் போகிற வழியில் கொடுப்பாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துத் திட்டுவாள்.

என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். முழுசாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வசிப்பதாகக் கேள்விப்பட்டவள்

*

மார்ச் 6

அன்புள்ள கத்தரிக்கோலுக்கு,

ஆறு வருஷம் ஆகியும் உன் நாக்கு மழுங்கவில்லை. சந்தோஷம்.

மெசேஜ் அனுப்பலாம் என்று பார்த்தேன். போனைக் கொஞ்ச நேரம் பார்த்தால் எழுத்தெல்லாம் நீந்துகிறது. காகிதம் பரவாயில்லை, வைத்த இடத்தில் நிற்கிறது.

பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்குவேன் அல்லவா, அதற்குப் போனேன். போன இடத்தில் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். உடனே பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வயதானவர்களின் தலைசுற்றலுக்கென்றே அங்கே ஒரு கிளினிக் இருக்கிறது. கேள்வி மேல் கேள்வி. எத்தனை மாத்திரை போடுகிறீர்கள், விழுந்தீர்களா, தனியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து சுவர் வரை போய்த் திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள், அதற்கு ஒரு பெண் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றுக்கும் மார்க். மொத்தமாகக் கூட்டி, இந்த ஆள் ஆறு மாதத்தில் தேறுவானா மோசமாவானா என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

வாழ்க்கையில் முதல் முறையாக மார்க் கூடினால் ஃபெயில் என்கிற பரீட்சையைப் பார்த்தேன். அதிக மார்க் வாங்கியவனுக்கு "உயரத்தில் ஏறக்கூடாது" என்று சான்றிதழில் எழுதிவிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் உயரத்தில் ஏறாமல் வேறு என்ன செய்வான்? கீழே நின்று லிஃப்டைக் கூப்பிட்டால் அது தானாகச் சரியாகுமா? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் "தனியாத்தான் இருக்கேன்" என்றார். அந்தப் பெண் உடனே பேனாவை எடுத்து ஒரு மார்க் போட்டாள். என் முறை வந்தது. மனைவியோடு இருக்கிறேன் என்றேன். மனைவி இருப்பது பொய்யில்லையே.

இன்னொரு தடவை போன் வந்தால் "நல்லா இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிடு. ஒரு வார்த்தைதான். உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
ஒர்க் ஷாப் மாடி

*

மார்ச் 9

லிஃப்ட்காரருக்கு,

ஒரு வார்த்தை என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் "ஒரே ஒரு லிஃப்ட், பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொன்னீர்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் வாலு இருந்தாள், நீங்கள் இல்லை. உங்களுடைய 'ஒன்று' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நர்ஸ் மறுபடியும் பேசினாள். "கூட இருக்கறவங்க சொல்றதுதான்மா சரியா இருக்கும், பெரியவங்க பாதியை மறைச்சுடுவாங்க. வாரா வாரம் கூப்பிடறேன், நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க" என்றாள். நான் எதைப் பார்த்தேன் என்று சொல்வது? கடைசியாக நான் பார்த்தது உங்கள் முதுகை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போன முதுகு.

சொல்கிறேன், கேளுங்கள். பொய் சொல்ல மாட்டேன். அதே சமயம் உங்கள் வயிற்றில் அடிக்கவும் மாட்டேன். நீங்கள் எனக்கு உண்மையை எழுதுங்கள், நான் அதை அப்படியே அவளிடம் படிக்கிறேன். எப்போதெல்லாம் சுற்றுகிறது, எத்தனை மாத்திரை, எங்கே விழுந்தீர்கள், எல்லாம் வேண்டும்.

இப்படிக்கு,
உண்மை விளம்பி
(சிரிக்காதீர்கள்)

*

மார்ச் 13

அன்புள்ள கத்தரிக்கோலுக்கு,

சிரித்தேன். சிரித்தால் சுற்றுவதில்லை, இதையும் அவளிடம் சொல்.

எழுதிக்கொள். காலையில் எழுந்ததும் லேசாக ஒரு ஆட்டம், அவ்வளவுதான். படுக்கையில் இடது பக்கம் புரண்டால் அறை ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். அதனால் இப்போது சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறேன், ரொம்ப சௌகரியம். மாத்திரை மூன்று. விழவே இல்லை. சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு ஆகிறது. டீ மட்டும் அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொள்கிறேன், முழுசாக ஊற்றினால் மேஜைக்கு வருவதற்குள் தரை பாதியைக் குடித்துவிடுகிறது. கயிறு கட்டாத செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன், நல்ல லாபம், குனிய வேண்டியதில்லை.

வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒர்க் ஷாப் கூட்டாளி மேலே ஏற வேண்டாம் என்கிறான். அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், அவனுக்கு என்ன தெரியும்.

உன் கடை எப்படி? அந்தப் பழைய மெஷினின் பெல்ட் இன்னும் அறுந்து அறுந்து போகிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
ஒரு குறையும் இல்லாதவன்

*

மார்ச் 18

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் முழுப் பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். படுக்கையில் படுக்க முடியவில்லை, குனிய முடியவில்லை, டீக்கோப்பையைத் தூக்கி நாலு அடி நடக்க முடியவில்லை. ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போடாமல் வாசலைத் தாண்டாத மனிதர் நீங்கள். அந்தச் செருப்பைப் படித்த பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

நேற்று கடையை மத்தியானமே சாத்திவிட்டு ஒர்க் ஷாப்புக்கு வந்தேன். நீங்கள் இல்லை. கூட்டாளிதான் மாடிச் சாவியைக் கொடுத்தார். "அண்ணி, நான் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க" என்றார், சொல்லிவிட்டேன்.

உங்கள் அறையைப் பார்த்தேன். சாய்வு நாற்காலி, அதிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் ஸ்டூல், ஸ்டூலிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் டூல் பெட்டி, அதன் மேல் இன்னொரு பெட்டி, அப்புறம் ஒரு இரும்புக் கம்பி, அப்புறம் பாத்ரூம் கதவு. முதலில் என்ன இது, சாமான் போட்ட லட்சணம் என்று நினைத்தேன். பிறகு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து நடந்து பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். நடக்க இத்தனை ஏற்பாடு செய்துகொண்ட மனிதர் ஒரு வரி எழுதக் கூடாதா?

மாத்திரை அட்டைகளையும் பார்த்தேன். மூன்று இல்லை, ஆறு. தூக்க மாத்திரை வேறு. தலைசுற்றலுக்கென்று நீங்களாகவே கடையில் கேட்டு வாங்கியது ஒன்று. சுவரோரம் கிடந்த கண்ணாடிச் சில்லைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். என்ன என்று கூட்டாளியைக் கேட்டேன். போன மாதம் இரண்டு தடவை விழுந்ததை அவர் சொன்னார்.

அங்கிருந்து நேரே கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் நம்ம வாலுவைவிடச் சின்னப் பெண். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னோடு நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். நீங்கள் கோபப்படுவீர்கள், படுங்கள்.

இன்னொன்று. மாதா மாதம் எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? நான் கடைக்குப் போன பிறகு வந்துவிட்டு, நான் திரும்புவதற்கு முன்னால் போய்விடுவீர்கள். லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடியை உங்களைத் தவிர எந்த மெக்கானிக் துடைத்துவிட்டுப் போவான்? இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடி அழுக்காக இருக்கிறது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த வாரம் லிஃப்டும் நின்றுவிட்டது. நாலு மாடி ஏறித்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (பெயருக்கு)

*

மார்ச் 20

டெய்லர் அம்மாவுக்கு,

மிக்க நன்றி. நாற்பது வருஷமாக நான் கட்டிக்காத்ததை ஒரு மத்தியானத்தில் வெட்டிவிட்டாய். கத்தரிக்கோல் என்று சும்மாவா பெயர் வைத்தேன்.

கிளினிக்கிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சான்றிதழ் நிறுத்தி வைப்பு. கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். இனி நான் ஒர்க் ஷாப் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் அறைக்குள் வர உன்னை யார் கூப்பிட்டார்கள்? என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னது நீ. "அந்த லிஃப்ட்டோடயே குடித்தனம் நடத்துங்க" என்று சொன்னாய், நடத்துகிறேன். அதையும் பிடுங்க வேண்டுமா? ஆறு மாதத்தில் நான் மோசமாகிவிடுவேன் என்று அவர்கள் கணக்குப் போட்டாயிற்று. மோசமாகப் போகிறவனுக்கு எதற்கு கிளினிக்?

போக மாட்டேன்.

இப்படிக்கு,
அதிக மார்க் வாங்கியவன்

*

மார்ச் 21

லிஃப்ட்காரருக்கு,

இதே கேள்வியை நானும் அந்த நர்ஸிடம் கேட்டேன். "இது என்னம்மா ஜோசியமா? மோசமாப் போயிடுவார்னு நீங்களே எழுதி வச்சுட்டா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?" என்று சண்டைக்கே போனேன். அவள் கோபப்படவில்லை. "ஜோசியம்னா சொன்னது நடக்கணும்மா. நாங்க நடக்கக் கூடாதுன்னுதான் கணக்குப் போடறோம்" என்றாள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் சொன்ன பொய்யால் உங்களுக்குக் குறைந்த மார்க் வந்தது. குறைந்த மார்க் வந்தவர்களை அவர்கள் "சரி, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். மார்க் அதிகமானால்தான் டாக்டர் உட்கார்ந்து பார்க்கிறார், மாத்திரை ஒவ்வொன்றையும் எடுத்து இது எதற்கு என்று கேட்கிறார், பயிற்சி சொல்லித் தருகிறார்கள், வீட்டுக்கு வந்துகூடப் பார்க்கிறார்கள். நீங்கள் பரீட்சையில் காப்பியடித்து, கிடைக்க வேண்டிய கவனிப்பை எல்லாம் கோட்டைவிட்டுவிட்டீர்கள். உங்கள் லிஃப்டில் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கை எவனாவது கழற்றி வைத்தால் நீங்கள் அவனை என்ன செய்வீர்கள்?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நான் அங்கே வாசல் பெஞ்சில் இருப்பேன். பேச வேண்டாம், என்னைப் பார்க்கக்கூட வேண்டாம். வந்தால் போதும்.

இப்படிக்கு,
கத்தரிக்கோல்

*

மார்ச் 26, வியாழன்

ஏங்க,

கிளினிக் பெஞ்சிலிருந்துதான் எழுதுகிறேன். ஒரு மணியாகிவிட்டது. நீங்கள் வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை வெளியே எட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள். முழுக் கோப்பை.

என்னோடு இந்த பெஞ்சில் நிறையப் பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள். ஒவ்வொருவரோடும் யாரோ வந்திருந்தார்கள். ஒரு அம்மா தன் கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவர் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்து இங்கேயே திட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

இதுவரை எல்லாக் கடிதத்திலும் கோபத்தைத்தான் எழுதினேன். கோபம் இல்லை, பயம். உங்கள் அறையில் அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. போன் அடித்தாலே மெஷினை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் மோசமாகிவிடுவீர்கள் என்று அந்தக் கணக்கு சொல்கிறது, எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். எழுதிவிட்டேன்.

வாலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்துத் திட்டவில்லை, அழுதாள்.

நான்

*

மார்ச் 31

என் கத்தரிக்கோலுக்கு,

நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? உன் வீட்டு லிஃப்டின் தலைமேல்.

திட்டாதே, முழுசாகப் படி. கிளினிக்குக்குப் போக மாட்டேன் என்று எழுதினேன் அல்லவா. ஆனால் நாலு மாடி ஏறுகிறேன் என்று நீ எழுதியது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. உன் முழங்காலோடு நாலு மாடி! நீ கிளினிக்கில்தான் இருப்பாய், வீட்டில் இருக்க மாட்டாய் என்று தெரியும். அதுதான் சமயம் என்று யாரிடமும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சான்றிதழும் இல்லை, கூட்டாளியும் இல்லை.

மேலே ஏறினேன். நிறுத்தும் ஸ்விட்சைப் போட்டேன், அதையாவது மறக்கவில்லை. கதவு மோட்டாரைப் பார்க்கத் தலையை இடது பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான். நாலு சுவரும் கிளம்பிவிட்டன. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றியது. கையில் இருந்த ஸ்பேனர் கீழே போயிற்று. அது விழுந்துகொண்டே இருந்தது, அந்தச் சத்தம் வருவதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்கிறாய்! ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வேறு. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது, நானும் அழுதேன்.

சுற்றல் நின்ற பிறகும் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. எத்தனை பேரை லிஃப்டிலிருந்து மீட்டிருக்கிறேன்! எல்லாரிடமும் ஒன்றுதான் சொல்வேன்: "நீங்களா எதுவும் பண்ணாதீங்க, பட்டனை அழுத்திட்டு ஆள் வர்ற வரைக்கும் சும்மா இருங்க." யாருமே கேட்க மாட்டார்கள், கதவை உடைக்கப் பார்ப்பார்கள். நானும் மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. போனை எடுத்துக் கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவன் வந்து என்னைக் கைத்தாங்கலாக இறக்கினான். இறக்கிவிட்டு, தானே மேலே ஏறி லிஃப்டைச் சரிசெய்தான். இறங்கி வந்து, "அண்ணே, கண்ணாடியைத் துடைக்கவா?" என்று கேட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது பார்.

திரும்பி வந்தால் வாலு வாசலில் நிற்கிறாள், கையில் உன் கடிதம்.

அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனேன், வாலுதான் கூட்டிப்போனாள். எல்லாக் கேள்விக்கும் மறுபடி பதில் சொன்னேன், இந்தத் தடவை நிஜமான பதில். ஆறு மாத்திரை, இரண்டு தடவை விழுந்தேன், லிஃப்ட் மேல் நடந்ததையும் சொன்னேன். நர்ஸ் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பதான் கணக்கு ஒத்துவருது. அன்னைக்கு நீங்க நடந்த நடைக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை, அதனாலதான் வீட்டுக்குப் போன் பண்ணேன்" என்றாள். பார்த்தாயா, அவள் அன்றைக்கே பிடித்துவிட்டாள். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து, தலையைப் பிடித்து ஒரு பக்கம், மறு பக்கம், அப்புறம் உடம்போடு புரட்டினார். முதலில் அறையே பறந்தது. காதுக்குள் பொடி போல ஒன்று இடம் மாறிக் கிடந்ததாம், அதைத் திரும்ப அனுப்பினாராம். அன்று இரவு நான் படுக்கையில் படுத்தேன். இடது பக்கம் புரண்டேன். அறை அதன் இடத்திலேயே நின்றது! எழுந்து உட்கார்ந்து மறுபடியும் புரண்டு பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார், நான் கடையில் வாங்கியதைக் குப்பையில் போட்டார். எழுந்து நிற்கும்போது ஆட்டம் இன்னும் இருக்கிறது. ஒரு காலை முன்னால் வைத்து நிற்க வேண்டும், கண்ணை மூடி நிற்க வேண்டும், தினமும் காலையும் மாலையும். விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டுமாம். உயரத்தில் ஏறுவது இனி கிடையாது, அது முடிந்தது. எழுதும்போது வலிக்கிறது. கூட்டாளி மேஜை ஒன்றைக் கீழே போட்டு, கழற்றி வந்த சர்க்யூட் பலகைகளை எல்லாம் என் முன்னால் வைத்துவிட்டான். உட்கார்ந்து செய்கிற வேலை. உன் வேலை மாதிரி.

"பயிற்சிக்குப் பக்கத்துல யார் நிப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். வாலு வாயைத் திறந்தாள், நான் அவளை முந்திக்கொண்டு "கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஆறு வருஷமாக நீ கூப்பிடுவாய் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று நீ காத்திருந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆபரேஷன் நாளில் உன் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். எந்த லிஃப்டில் யார் மாட்டியிருந்தாலும் இருந்திருக்க வேண்டும்.

நான் வரட்டுமா?

உன்,
ஆட்டம் குறைந்தவன்

*

ஏப்ரல் 2

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. பட்டன் தைக்க வந்த பெண் பயந்துபோய் "அக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, தவறப் பார்த்தார், தப்பிச்சுட்டார்" என்று சொன்னேன். ஒன்றும் புரியாமல் பட்டனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் லிஃப்டின் தலைமேல் ஏறிக்கொண்டு விழப் பார்த்ததற்கு உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. முழங்கால் வலித்தால் நான் மெதுவாக ஏறியிருப்பேன், செத்தா போய்விடுவேன்? நேரில் வந்ததும் இதற்குத் தனியாகத் திட்டு இருக்கிறது. இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு கேட்கவில்லை என்று காதைக் காட்டக் கூடாது.

வீட்டில் தரைவிரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பாத்ரூமில் கைப்பிடி வைக்க உங்கள் கூட்டாளி வந்து அளவெடுத்துப் போனார். உங்கள் அறையில் இருப்பது போல நாற்காலியும் பெட்டியும் வரிசையாகப் போட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, மாலையில் திரும்பியதும் ஒரு தடவை, நீங்கள் கண்ணை மூடி நில்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

காலையில் நர்ஸ் போன் பண்ணினாள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் விஷயத்துல ஒரே ஒரு பதில் எனக்குக் குழப்பமா இருக்கு. முதல்ல மனைவியோட இருக்கேன்னு சொன்னார். நீங்க வந்து தனியா இருக்கார்னு சொன்னீங்க. போன வாரம் அவர்கிட்ட கேட்டா, கேட்டுச் சொல்றேன்னுட்டார். நான் எதைம்மா வச்சுக்கறது?" என்றாள்.

"முதல்ல அவர் சொன்னதையே வச்சுக்கோம்மா" என்றேன். ஒரு மார்க் குறைகிறது என்று சிரித்தாள். மீதி மார்க் இருக்கிறதே என்று கேட்டேன். "இருக்கும்மா. கவனமாத்தான் இருக்கணும். ஆனா ஒவ்வொண்ணா குறைக்கலாம்" என்றாள். குறைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வாலு பெட்டியைத் தூக்கிக்கொள்வாள், நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, கண்ணாடியும் சுத்தமாக இருக்கிறது. ஆறு வருஷமாக அதன் மேலே ஏறி நின்றது போதும். எல்லாரையும் போல உள்ளே நின்று, நாலாம் நம்பரை அழுத்தி வாருங்கள். கதவு திறக்கும்போது நான் வெளியே நிற்பேன்.

உங்கள்,
கத்தரிக்கோல்